இராமலிங்க அடிகளாரும் வழிப்போக்கர் பசியும்

கும்பகோணத்தினின்று வடக்கு நோக்கிச் சென்று, 1836-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற கீழணையின்மேற் கொள்ளிடத்தைக் கடந்து வருவார்க்கு, உடையார்பாளையம் வட்டத்து மீன்சுருட்டி என்னும் ஊர் வழியில் எதிர்ப்படும். இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயில் அதற்கு அண்மையில் உள்ளது. அக்கோயிலைக் காண்பான் வருவோர் பலர். மீன்சுருட்டியைக் காண்பான் வருவோர் இலர். வேறெங்கோ போகின்றவர்கள் வண்டி மாறுதற்கும் தேநீர் அருந்துதற்கும் நிற்கின்ற ஊர் அது. அங்கிருந்து அவ்வழியே மேலும் வடக்கிற் சென்றால் சேத்தியாத்தோப்பும், அதன்பின் வடலூரும் வரும்.

யாம் மாணாக்கராயிருந்த காலத்து, ஐப்பசி மாதத்தொரு நாளிரவு, பெருமழையால் வழி தடைப்பட்டு மீன்சுருட்டியில் இறங்கி நின்றோம். கையிற் குடையில்லை, அறிந்தார் ஒருவரும் இல்லை. சாலையோரத்துக் கூரைவீட்டுத் திண்ணையில் ஒதுங்கிய எம்மை, அவ்வீட்டுப் பாட்டியார் தம்பி என்றழைத்து உள்ளிருத்தி, மிளகு ரசமும் சோறும் சுட்ட அப்பளமும் இட்டார். எமது ஊர் யாது, குலம் யாது, பெயர் யாது என்று அவர் வினவவில்லை. உண்டாயிற்றா என்பதொன்றையே வினவினார். விடியற்காலையில் யாம் நீட்டிய நாணயத்தை அவர் ஏற்கவில்லை. அடுப்பங்கரை மூலையிலிருந்த ஒரு மட்கலயத்தைக் காட்டி, அரிசிப் பானையினின்று ஒரு பிடி எமது கையாலேயே எடுத்து அதிற் போடும்படி சொன்னார். அது வடலூருக்குப் போகும் பிடியரிசி என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வரிசி சென்று சேரும் அடுப்பை மூட்டியவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் அக்கலயமே.

இராமலிங்கர் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். பிள்ளைகட்கு எழுத்தறிவித்தலும் உடையவர். தாயார் சின்னம்மையார். சபாபதி, பரசுராமன், சுந்தரம்மாள், உண்ணாமுலை என்னும் நால்வர்க்குப்பின் ஐந்தாம் மகவாகப் பிறந்த இக்குழந்தை தவழுமுன்னரே தந்தையார் காலமாயினார். கைம்பெண்ணாகிய தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாம் பிறந்த பொன்னேரிப் பக்கத்துக்குச் சென்று, பின்னர்ச் சென்னையை அடைந்தார். மூத்தவராகிய சபாபதி பிள்ளை காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பாடங்கேட்டுப் புராணப் பிரசங்கஞ் செய்து குடும்பத்தைத் தாங்கினார். ஏழுகிணற்றுப் பகுதி வீராசாமி பிள்ளைத் தெருவில் அவர்கள் வாழ்ந்தனர்.

தம்பி படிக்கவில்லை. பள்ளிக்கென்று புறப்பட்டவர் கந்தகோட்டத்திற் சென்று பாடிக்கொண்டிருப்பார். தமையனார் சினந்து, இவனுக்கு இனிச் சோறிடலாகாது என்று வீட்டில் ஆணையிட்டார். அண்ணியார் பாப்பாத்தியம்மையாரோ, கணவர் இல்லாத நேரம் பார்த்துப் புறக்கடை வழியாக மைத்துனரை அழைத்து உணவளித்து வந்தார். இதனை வரலாறெழுதுவோர் ஒரு சிறு நிகழ்ச்சியாகக் கூறிச் செல்வர். எமக்கு அது சிறிதாகத் தோன்றவில்லை. பின்னாளிற் பல்லாயிரவர்க்கு இலைபோட்டவர், முதலில் தாமே பிறர் இரக்கத்தால், அதுவும் மறைவாக, உண்டு வளர்ந்தவர். பசி இன்னதென்பதை அவர் ஏட்டில் அறிந்தாரல்லர்.

இன்னொன்று செவிவழியாக வழங்குவது. திருவொற்றியூர்க் கோயிலில் நெடுநேரம் இருந்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பியவர், கதவு தாழிடப்பட்டிருத்தல் கண்டு, உள்ளே உறங்குவாரை எழுப்ப மனமின்றித் திண்ணையிற் பசியோடு படுத்தார். அண்ணியார் வந்து எழுப்பிச் சோறிட்டுச் சென்றார். சிறிது நேரத்தில் அண்ணியார் மறுபடியும் வந்து உண்ண அழைத்தபோதுதான், முன்வந்தவர் அவர் அல்லர் என்பது விளங்கிற்று. ஒற்றியூர் வடிவுடையம்மையே வந்தாள் என்பது அன்பர் கொள்கை. இதனை நம்புவாரும் நம்பாதாரும் உளர். சோறிட்ட கை யாருடையதென்று அறியாமலே ஒருவர் பசி தீர்ந்தது என்ற அளவில் இக்கதையை யாம் போற்றுகிறோம்.

திண்ணையைப் பற்றியே மற்றொரு கதையும் உண்டு. ஒருநாள் அவர் உறங்குகையில் ஒரு கள்வன் ஒரு காதின் கடுக்கனைக் கழற்றினானாம். விழித்துக்கொண்டவர் வாளாவிருந்து, மற்றைக் காதும் அவனுக்கு எட்டும்படி புரண்டு படுத்தாராம்.

1850-ஆம் ஆண்டில், உறவினர் வற்புறுத்தலால், தமக்கை உண்ணாமுலையம்மையின் மகள் தனக்கோடியம்மையாரை மணந்தார். மனம் இல்லறத்திற் செல்லவில்லை. இவ்வம்மையாரைப் பற்றி வரலாற்று நூலார் ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றனர். அயலார் துன்பத்துக்கெல்லாம் உருகிய ஒருவர் வாழ்க்கையை எழுதுவோர், அவர் மனையிலிருந்தவரை இவ்வளவு விரைவிற் கடந்து செல்லுதல் முறையன்று என்பது எமது கருத்து.

சென்னையில் அவர் செய்த எழுத்துப்பணியுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் குறிப்போம். 1854-ஆம் ஆண்டில் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் அச்சாயிற்று. பசுவின் கன்று தன் மகன் தேர்க்காலில் மாண்டதற்காக அம்மகனையே கொடுக்கத் துணிந்த சோழன் கதை அது. தனக்கு இத்துன்பம் வந்ததற்கு முற்பிறப்பில் என்ன தீவினை செய்தேனோ என்று அரசன் புலம்பும் இடத்தில் ஒரு நீண்ட பாவப் பட்டியல் வருகின்றது. கொலையும் வஞ்சனையும் அதில் உண்டு. ஆயினும் எம் கருத்தைக் கவர்வன அவையல்ல. வெயிலிற் போவார்க்கு நிழலாயிருந்த மரத்தை வெட்டுதல், எவரும் தங்கும் பொது மண்டபத்தை இடித்தல், நெல்லிற் கல்லைக் கலந்து விற்றல், பசியோடு நிற்பவன் முகத்தைப் பாராமற் போதல் ஆகிய இவையெல்லாம் அப்பட்டியலில் உள்ளன. எந்த நீதிமன்றமும் இவற்றிற் பலவற்றைக் குற்றமென விசாரியாது. முகத்தைப் பாராமற் போதலை யாம் நாடோறும் செய்கிறோம். அரசன் ஒருவன் மகனையிழக்கக் காரணமாகத்தக்க பாவங்களின் வரிசையில் அதனை வைத்தெண்ணிய உள்ளம் பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் என்ன செய்யும் என்பதற்கு அந்நூலிலேயே அறிகுறி இருக்கிறது.

1858-ஆம் ஆண்டையொட்டி அடிகளார் சென்னையை விட்டுத் தென்னாட்டுக்குத் திரும்பிச் சிதம்பரத்தில் வழிபட்டு, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவர் இல்லத்திற் பல ஆண்டுகள் தங்கினார். எண்ணெயென்று கருதித் தண்ணீரை வார்க்க விளக்கெரிந்தது என்னும் நிகழ்ச்சி அவ்வீட்டிற் சேர்ந்தது. தோற்றத்தில் அவரிடம் ஆடம்பரம் ஒன்றுமில்லை. காவியுடுத்தாமல் வெள்ளாடையால் உடலையும் தலையையும் போர்த்திருப்பார். இரண்டு மூன்று நாட்கு ஒருமுறை சில கவளமே உண்பார் என்று, நெடுங்காலம் உடனிருந்த மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-ஆம் ஆண்டில் அளித்த வாக்குமூலம் கூறுகின்றது. பாடல்களை அச்சிட இசைவு பெறுதற்கு இறுக்கம் இரத்தின முதலியார் பட்ட பாடு பெரிது. இசைவு வரும்வரை ஒருவேளை உணவே கொள்வதென்று அவர் உறுதிபூண்டமையாலேயே அடிகளார் இணங்கினார். பிறர் பட்டினியைப் பொறாதவரை வேறெந்த வழியாலும் வெல்லலாகாது என்பது இரத்தின முதலியாருக்குத் தெரிந்திருந்தது போலும்! இசைந்த பின்னரும், தம் பெயரை இராமலிங்கசாமி என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுதலின் அவ்வாறு வேண்டாமென்று கடிதம் எழுதினார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் வெளிவந்தன. அதன் பெயர் பற்றி எழுந்த வழக்கும் மறுப்பும் தமிழுலகம் அறிந்தவை. இக்கட்டுரைக்கு அவை வேண்டா.

அவ்வாண்டு வேறொன்றால் எமக்கு முக்கியமானது. 1866-ஆம் ஆண்டிற் கொடிய பஞ்சம் ஒரிஸ்ஸாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் வாட்டியது. தென்னார்க்காட்டிலும் ஏழைகள் பாடு எக்காலத்தும் பெரிதே. சத்திரங்கள் நாடெங்கும் இருந்தன. ஆயினும் பலவற்றிற் சாதி பார்த்தே இலை போடப்பட்டது. அடிகளார் 1865-இல் ஒரு சங்கத்தை நிறுவியிருந்தார். அடுத்து அவர் கேட்டது நிலம். வடலூராகிய பார்வதிபுரத்துக் குடிமக்கள் நாற்பதின்மர், ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை விலையின்றி எழுதிக்கொடுத்தனர். பெருஞ்செல்வர் ஒருவர் கொடுத்ததாயின் கல்லில் அவர் பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நாற்பது குடியானவர் கூடிக் கொடுத்தமையால் ஊர்ப்பெயரே நின்றது.

அந்நிலத்தில், 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், வைகாசி 11, தருமச்சாலை தொடங்கப்பெற்றது. இருபத்தோரடி நீளமும் இரண்டரையடி அகலமும் உடையதாய்த் தரையில் அமைக்கப்பட்ட அடுப்பில் அன்று தீ மூட்டினர். அத்தீ இன்றுவரை அணையாது காக்கப்பட்டு வருகின்றது. சாலை தொடங்கிய அந்நாளிலேயே ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் அவரது உரைநடை நூற்பகுதி படிக்கப்பெற்றது.

அந்நூலை நம் மாணாக்கர் ஒருமுறையேனும் படித்தல் நன்று. பலர் நினைப்பதுபோல் அது உருக்கமான அறவுரை மட்டுமன்று. மருத்துவன் நோயை விரித்துரைப்பதுபோலப் பசியை விரித்துரைக்கின்றது. பசி ஏறும்போது முதலில் அறிவு மயங்குதல், நினைவு கெடுதல், கண் இருண்டு குழிதல், காது கும்மென அடைத்தல், நா உலர்தல், கைகால் சோர்தல், வயிறு எரிதல் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றார். கடவுளை நினைத்தற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் பசியால் ஒன்றன்பின் ஒன்றாய் அவிகின்றன என்பது அவர் கருத்து. ஒருவனுக்குச் சோறிடுதல் அவிந்துகொண்டிருக்கும் ஒரு கோயிலில் விளக்கேற்றுதலை ஒக்கும். ஆகவே வழிபாடு முடிந்தபின் செய்யத்தக்க தருமம் என்று அதனை அவர் வைக்கவில்லை. அதுவே வழிபாடு, வீடுபேற்றின் கதவைத் திறக்கும் சாவி அதுவே என்று துணிந்து கூறினார்.

அயலானுக்கு நாம் ஏன் இரங்குதல் வேண்டும் என்ற வினாவையும் அவர் எழுப்பிக்கொள்கின்றார். உடன்பிறந்தான் துன்புறக் கண்டால் மனம் உருகுதல் இயல்பு. எல்லா உயிரும் ஒரே இறைவனாற் படைக்கப்பட்டமையின் எல்லாம் உடன்பிறப்பே. எனவே உருக்கம் உரிமை பற்றி வருவது. கள்வரால் அடியுண்டு கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதையை நம் கலாசாலையார் அறிவர். அக்கதை எழுந்தது, அயலான் யாவன் என்னும் வினாவினின்று. அடிகளார் உரைக்கு நேரே வந்தால் அயலான் என்ற சொல்லுக்கே இடம் இல்லாமற் போகின்றது. அங்ஙனமாயின் உலகிற் கல்நெஞ்சர் பலர் இருத்தல் எதனால்? அதற்கும் விடை தருகின்றார்: அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, கண்ணொளி மழுங்கியவர்கள் என்கின்றார். அறிவாகிய கண்ணிற் காசம் படர்ந்தது. உதவிக்கென அணிந்த மனமுதலிய மூக்குக்கண்ணாடிகளும் மங்கிவிட்டன. எதிரே நிற்பவன் தம்பி என்பது தெரியவில்லை. இவ்வுவமை எம்மைச் சுட்டதுபோல வேறெதுவும் சுட்டதில்லை. இரக்கமில்லாதவன் என்று ஒருவனைத் திட்டினால் அவன் சினந்து போய்விடலாம். உனக்குக் கண் தெரியவில்லை என்றால் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளல் வேண்டுமன்றோ.

மற்றொன்று. வாய்விட்டுக் கேட்கும் பிச்சைக்காரனை நாம் எளிதிற் காண்கிறோம். அடிகளார் கண்டவர் வேறொரு கூட்டத்தார்: நேற்றுவரை நன்றாயிருந்து இன்று வறிஞராகி, மானத்தால் கேட்கவும் நாவெழாமல், நாளைக்கு என் செய்வோம் என்று ஊமை கண்ட கனவுபோல் உள்ளே மறுகுகின்றவர். அவர்கட்காகவே அந்நூலிற் சில பக்கங்கள் எழுதப்பட்டன என்று எண்ணத் தோன்றுகின்றது. கேட்டபின் கொடுக்கும் சாலை வேறு, கேட்கவே வேண்டாத சாலை வேறு. வடலூரில் அமைந்தது இரண்டாவது.

இனி ஒரு நெருடலையும் மறையாது கூறுதல் வேண்டும். உயிர்க்கொலையையும் புலாலுண்ணலையும் அடிகளார் சிறிதும் பொறுத்தாரல்லர். அவற்றை நீத்தவரை அகவினத்தார் என்றும் நீக்காதவரைப் புறவினத்தார் என்றும் பிரித்தார். புறவினத்தாரோடு நெருங்கிய உறவு கூடாதென்பது அவர் விதி. இம்மலரைப் படிப்போரில் மிகப் பலரும், விடுதி உணவுப் பட்டியலை நோக்குங்கால், அப்புறவினத்திலேயே சேர்வர், எம்மையும் சேர்த்துக்கொள்க. ஒருமைப்பாடு பேசியவர் இத்தகைய கோட்டைக் கிழிக்கலாமா என்று வினவுவார் உளர், வினா நியாயமானதே. ஆனால் அவ்விதியின் பிற்பகுதியையும் நோக்குதல் வேண்டும். உறவு வேண்டாமென்ற அவரே, அவர்கட்கும் பசி தவிர்த்தல் மட்டும் செய்தே தீரவேண்டும் என்றார். தமது கொள்கைக்கு முற்றும் மாறானவன் இலைமுன் வந்து அமர்ந்தாலும் சோறு நிற்றலாகாது.

இதனை வடலூரிற் கட்டடங்களிலேயே காணலாம். எண்கோணமாக அமைந்த ஞானசபையில் முதல் வழிபாடு 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று நிகழ்ந்தது. அச்சபையினுள்ளே கொலையும் புலாலும் தவிர்த்தவரே புகுதல் வேண்டும் என்னும் நிபந்தனை உண்டு. மற்றையோர் வெளியே நின்று வணங்கலாம். சிறிது தொலைவிலுள்ள தருமச்சாலைக்கு அந்நிபந்தனை இல்லை. சாலை 1867-இல் எழுந்தது. சபை அதன்பின் ஐந்தாண்டு கழித்தே எழுந்தது. கோயிலைக் கட்டிவிட்டு அதன் மதிலோரத்தில் மடைப்பள்ளி கட்டுதல் உலக வழக்கு. அடிகளார் அடுப்பை முதலில் மூட்டி, ஐந்தாண்டு சோறிட்ட பின்னரே விளக்கை ஏற்றினார்.

1870-இல் அவர் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்துக்குச் சென்று, சித்திவளாகம் என்று தாம் பெயரிட்ட மனையில் தங்கினார். 1873-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே கொடியேற்றி ஆற்றிய பேருரையில், தாம் முன்பு சைவத்தின்மேல் வைத்திருந்த பற்று இத்துணையென்று அளவிட இயலாதென்றும், அப்போது தமக்கிருந்த அறிவு சிறியதென்றும் வெளிப்படையாகக் கூறினார். ஐம்பது வயதில், அன்பர் கூட்டத்தின் நடுவே, தம் பழைய பாடல்களைக் குறித்தே இவ்வாறு சொல்லத் துணிந்தவர் எத்தனைபேர்? தாம் பரப்பிய சரக்கை வாங்குவார் இல்லையே என்ற ஏக்கமும் அக்காலத்து அவரிடம் மிகுந்திருந்தது என்பர். கேட்டவர் பலர், உண்டவர் மிகப் பலர்; நடந்தவர் சிலர்.

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இரவு அவர் ஓர் அறையினுட் சென்று கதவை மூடிக்கொண்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர். அதிகாரிகள் வந்து பார்த்ததும், ஒன்றும் காணாது சென்றதும், தென்னார்க்காட்டு ஆட்சியாளராகிய கார்ஸ்டின் என்பவர் 1878-இல் வெளியிட்ட மாவட்டக் கையேட்டில் இச்செய்தி இடம்பெற்றதும் பலரும் எழுதியுள்ளனர். அவ்வறையில் நிகழ்ந்தது யாது என்பது பற்றி அன்றுமுதல் வாதம் நடந்து வருகின்றது. அவ்வாதத்தில் யாம் புகவில்லை. எம்மை ஈர்ப்பது மறுநாட் காலை வடலூரிற் சமையல் நடந்தது என்பதே. மூட்டியவர் இல்லை, அடுப்பு எரிந்தது. இரண்டாண்டு கழித்து, 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவிற் பல இலக்கம் மக்களைக் கொன்ற தாதுவருடப் பஞ்சம் வந்தது. நாடெங்கும் நெருப்பில்லா அடுப்புகள் மலிந்த அக்காலத்தைக் கடந்தும் அத்தீ நின்றது.

தமிழ்நாட்டு அரசினர் 2021-ஆம் ஆண்டு முதல் அவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடி வருகின்றனர். தைப்பூசத்தன்று எங்கணுமிருந்து மக்கள் வடலூருக்குத் திரள்கின்றனர். ஆனால் சாலையைக் காண விரும்புவார் தைப்பூசத்தன்று போதல் வேண்டா. கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. யாதொரு விசேடமுமில்லாத ஒரு நாளிற் போதலே நன்று. மீன்சுருட்டியில் வண்டியேறினாற் சேத்தியாத்தோப்பு வழியாக முற்பகலிற் சென்று சேரலாம். உச்சிப்பொழுதில் வரிசையாக உட்கார்ந்திருப்பாரிடையே இடங்கிடைத்த விடத்தில் அமர்க. பக்கத்திலிருப்பவர் யாரென்று உங்கட்குத் தெரியாது. நீங்கள் யாரென்று பரிமாறுகின்றவர் கேளார். அடுப்பைப் பார்க்க விரும்பினால் உண்டபின் பார்க்கலாம். கையில் ஒருபிடி அரிசி கொண்டு போதல் அப்பக்கத்து வழக்கம். இல்லாமற் போனாலும் இலை உண்டு.